28 வருஷம் கழித்து வந்த ரிப்பீட் ஆர்டர்!

திருப்பூரில் எந்த பனியன் கம்பெனி ஆபீஸிலும் நுழைந்து 'ரிப்பீட் ஆர்டர்' என்று சொல்லிப் பாருங்கள். முதலாளி முகத்தில் தனிக் களை வரும். வெளிநாட்டு பையர் ஒருமுறை வாங்கினால் வியாபாரம். அதே சரக்கை மறுபடி கேட்டால்தான் மரியாதை! யாரும் கேட்காத சரக்கு? நேரே காதர்பேட்டை, வந்த விலைக்குத் தள்ளு!

28 வருஷம் கழித்து ரிப்பீட் ஆர்டர் வந்த கதை தெரியுமா? பனியனுக்கு இல்லை சார், ஓர் இசைத்தட்டுக்கு!

பம்பாயில் சரண்ஜித் சிங் என்று ஒரு கலைஞர். இந்தி சினிமா ஆர்கெஸ்ட்ராக்களில் கிடாரும் கீபோர்டும் வாசித்தவர். பாட்டு ஊருக்கே தெரியும், வாசித்தவர் பெயர் தெரியாது, அந்த ரகம். 1982-ல் ரோலண்ட் கம்பெனியின் மூன்று எலெக்ட்ரானிக் பெட்டிகளை இணைத்தார். ஒன்று தாளத்துக்கு, ஒன்று பேஸுக்கு, ஒன்று கீபோர்டு. டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்கள்! பூபாலி (நம்ம மோகனம்), யமன் (நம்ம கல்யாணி), மால்கௌன்ஸ் (நம்ம ஹிந்தோளம்)... எல்.பி. வெளிவந்தது. விற்கவில்லை.

அந்த பேஸ் பெட்டிக்குப் பெயர் டி.பி.-303. பேஸ் கிடார்காரருக்கு பதிலாள் என்று தயாரித்தார்கள். நிஜ கிடார் மாதிரி ஒலிக்கவில்லை. 1984-ல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். செகண்ட் ஹேண்டில் சல்லிசாகக் கிடைத்த பெட்டியை சிகாகோ பையன்கள் வாங்கி, குமிழ்களைக் கன்னாபின்னாவென்று திருகினார்கள். 1987-ல் 'ஆசிட் ட்ராக்ஸ்' வந்தது. 'ஆசிட் ஹவுஸ்' என்ற புது நடன இசை பிறந்து, ஐரோப்பாவே ஆடியது. அதே பெட்டியில், கிட்டத்தட்ட அதே ஒலியை, நம்ம ஆள் ஐந்து வருஷம் முன்பே கொண்டுவந்துவிட்டார்!

எடோ பௌமன் என்கிற ஹாலந்துக்காரர் டெல்லியில் ஒரு கடையில் இந்தத் தட்டைப் பார்த்தார். அசந்துபோய் சரண்ஜித்தைத் தேடிப் பிடித்தார். 2010-ல் வினைலில் மறுபதிப்பு! எழுபது வயதை ஒட்டிய மனிதர் ஐரோப்பிய மேடைகளில் போய் வாசித்தார். 2015-ல் காலமானார். ஆர்டர் வந்தபோது உயிரோடு இருந்தாரே, அதுதான் விசேஷம்.

அதே 2010-ல் நான் என்ன செய்தேன் தெரியுமா? வெள்ளையடிக்கிற சாக்கில் அப்பாவின் இசைத்தட்டுகளை எடைக்குப் போட்டேன். "இது இரும்புல சேருமா, பிளாஸ்டிக்குல சேருமான்னே தெரியல கண்ணு" என்றார் கடைக்காரர். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பிளேயரை மட்டும் ஒரு பழைய வேட்டியால் மூடி வைத்தார். இன்னும் மூடியேதான் இருக்கிறது.

விற்காத சரக்கை நஷ்டத்தில் எழுது என்று பி.காமில் சொல்லிக் கொடுத்தார்கள். எத்தனை வருஷம் பொறுக்கணும் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

இந்தக் கட்டுரைக்கு வரும் சன்மானத்தில் அப்பாவுக்கு ஒரு தட்டு வாங்கிக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். ஆசிரியர்தான் மனசு வைக்கணும்!