மரக்காலும் பாஸ்புக்கும்: டெல்டாவில் வங்கிக் கணக்கு இல்லாத வீடுகள்

வெண்மணி நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்ட 44 பேரின் நினைவாக நாம் கூடியிருக்கிறோம். அரைப்படி நெல் கூடக் கேட்டதும், செங்கொடியை இறக்க மறுத்ததும்தான் அந்த மக்கள் செய்த குற்றம். இப்படிப்பட்ட மேடையில் வங்கிக் கணக்கைப் பற்றியா பேசுவது என்று சிலருக்குத் தோன்றலாம். பேசத்தான் வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். வெண்மணியில் எழுந்த கேள்விக்குள் கூலி எவ்வளவு என்பதோடு, அளப்பது யார், எழுதி வைப்பது யார் என்பதும் இருந்தது. வங்கிக் கணக்கு அந்தக் கேள்வியின் தொடர்ச்சி.

உலக வங்கியின் 2021 கணக்கீட்டின்படி உலகில் சுமார் 140 கோடி பெரியவர்களுக்கு வங்கிக் கணக்கு இல்லை. பெரும்பாலோர் வளரும் நாடுகளில் இருப்பவர்கள். இந்தச் செய்தியைப் படிப்பவர்கள், கணக்கு இல்லாத வீடு என்றால் கொடுக்கல் வாங்கலே இல்லாத வீடு என்று எண்ணிக்கொள்கிறார்கள். டெல்டாவின் சேரிகளை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு தவறு என்று தெரியும். கையில் காசு இல்லாத வீட்டில்தான் கடன், கைமாற்று, அடகு, சீட்டு, தண்டல் என்று கொடுக்கல் வாங்கல் ஓயாமல் நடக்கிறது. நம் வீடுகளுக்குக் கணக்கு எப்போதும் இருந்தது. ஆனால் அது இன்னொருவர் நோட்டில் இருந்தது.

பண்ணைக் கணக்கு

பழைய தஞ்சை மாவட்டத்தின் பண்ணையாள் முறையில் கூலி நெல்லாக வந்தது. மரக்காலால் அளந்து போட்டார்கள். 12 மரக்கால் ஒரு கலம். நெல்லைக் கொடுக்கும்போது ஒரு மரக்கால், கொடுத்ததைத் திருப்பி வாங்கும்போது வேறொரு மரக்கால் என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். கல்யாணத்துக்கும் சாவுக்கும் பண்ணையில் முன்பணம் வாங்கினால், கணக்குப்பிள்ளை அதை எழுதி வைப்பார். எழுதியது என்னவென்று படித்துப் பார்க்கும் வாய்ப்பு வாங்கியவருக்கு இல்லை. அப்பன் வாங்கிய கடனுக்கு மகன் ஏர் பிடித்தான். கடன் தீராமல் பண்ணையை விட்டுப் போக முடியாது. கடன் தீர்ந்ததா இல்லையா என்று சொல்லும் அதிகாரமோ நோட்டு வைத்திருப்பவரிடம் இருந்தது.

சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராக பி. சீனிவாசராவ் போன்றவர்கள் கட்டிய விவசாயத் தொழிலாளர் இயக்கம் இந்த நோட்டுக்கும் எதிரானதுதான். 1952இல் தஞ்சாவூர் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வெண்மணிக்குப் பிறகு, 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. பண்ணையாள் மெல்ல மெல்லத் தினக்கூலி ஆனார். பண்ணை நோட்டிலிருந்து பெயர் நீங்கியது. ஆனால் அவசரத்துக்குக் கடன் வாங்க வேறு கதவு திறக்கவில்லை.

பக்கத்திலேயே இருந்த வங்கி

டெல்டா வங்கியை அறியாத பூமி அல்ல. இன்றைய சிட்டி யூனியன் வங்கி 1904இல் கும்பகோணம் வங்கி என்ற பெயரில் இங்கே தொடங்கப்பட்டதுதான். இந்தியாவின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டமும் அதே 1904இல் வந்தது. வங்கிக்கு வேண்டியது ஈடு. இந்த மண்ணில் ஈடு என்றால் நிலம். நிலம் மிராசுதாரர்களிடமும் கோயில்களிடமும் மடங்களிடமும் இருந்தது. உழைத்த கைக்கு நிலம் இல்லாததால் வங்கியின் படி ஏற முடியவில்லை.

சட்டங்களும் நிலத்தையே பார்த்தன. 1938இல் சென்னை மாகாணத்தில் வந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், நிலத்தில் உரிமையோ பாத்தியதையோ உள்ளவரையே விவசாயி என்று கொண்டது. சேற்றில் இறங்கி நாற்று நடும் பெண் அந்த வரையறைக்குள் வரவில்லை.

இதற்கு ஒரு விதிவிலக்கு நம் வரலாற்றில் உண்டு. 1919க்குப் பிறகு சென்னை மாகாண அரசின் தொழிலாளர் துறை, தஞ்சை மாவட்டத்தில் ஆதிதிராவிடர்களைக் கூட்டுறவுச் சங்கங்களாகச் சேர்த்து, வீட்டுமனை வாங்கவும் தவணையில் பணத்தைத் திருப்பிக் கட்டவும் வழி செய்தது. குடியிருக்கும் மனை மிராசுதாருடையதாக இருக்கும்வரை அவரை எதிர்த்துப் பேச முடியாது என்பதே இதன் பின்னணி. நம் பாட்டன்மார் முதன்முதலாகத் தங்கள் பெயரில் பார்த்த கடன் கணக்குகளில் மனைக்கானவையும் உண்டு.

1951-52இல் நடந்த அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வு கண்டது என்ன? கிராமக் கடனில் ஏறத்தாழ 70 சதவீதம் வட்டிக்குக் கொடுப்பவர்களிடமிருந்து வந்தது. கூட்டுறவுச் சங்கங்களின் பங்கு 3 சதவீத அளவு. வணிக வங்கிகளின் பங்கு 1 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை.

தேசியமயமும் அதன் பிறகும்

வெண்மணி நடந்து ஏழு மாதம் முடிவதற்குள், 1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகள் தேசியமயமாயின. கிராமங்களுக்குக் கிளைகள் வந்தன. 1972இல் 4 சதவீத வட்டிக்கு ஏழைகளுக்குக் கடன் தரும் திட்டம் வந்தது. அதில் 40 சதவீதம் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் போக வேண்டும் என்பது விதி. 1974இல் தாட்கோ பிறந்தது. இவற்றால் பயன்பெற்ற குடும்பங்கள் உண்டு. அதை மறுக்கக் கூடாது. ஆனாலும் கிளையில் நடந்த முக்கியமான வேலை பயிர்க்கடனும் நகைக்கடனும்தான். பயிர்க்கடனுக்குச் சிட்டா அடங்கல் வேண்டும், நகைக்கடனுக்கு நகை வேண்டும்.

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியக் குடும்பங்களில் 35.5 சதவீதமும், 2011இல் 58.7 சதவீதமும் வங்கிச் சேவை பெற்றிருந்தன. சுதந்திரம் வந்து 64 ஆண்டுகள் கழித்தும் பத்து வீட்டில் நான்கு வீடு வெளியே நின்றது. இடையில் 2005இல் ரிசர்வ் வங்கி, குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத எளிய கணக்குகளைத் தொடங்கச் சொன்னது. நமக்குப் பக்கத்தில், புதுச்சேரியின் மங்கலம் கிராமத்தில்தான் இந்தியன் வங்கி எல்லா வீட்டுக்கும் கணக்குத் தொடங்கி முதல் முயற்சியைக் காட்டியது. 2014 ஆகஸ்ட் 28 அன்று ஜன் தன் திட்டம் வந்தது. உலக வங்கியின் ஆய்வுப்படி 2011இல் இந்தியப் பெரியவர்களில் 35 சதவீதத்தினருக்குக் கணக்கு இருந்தது. 2017இல் அது 80 சதவீதம்.

இந்த எண்ணைப் பார்த்துப் பிரச்சினை முடிந்தது என்று சொல்கிறார்கள். அதே ஆய்வின் 2021ஆம் ஆண்டுப் பதிப்பில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. இந்தியாவில் கணக்கு வைத்திருப்பவர்களில் ஏறத்தாழ 35 சதவீதத்தினரின் கணக்கு ஓராண்டாக அசையாமல் கிடந்தது.

ஒருவழிக் குழாய்

கணக்கு ஏன் அசையாமல் கிடக்கிறது? அது ஒருவழிக் குழாயாக இருப்பதால். அரசு அனுப்பும் பணம் அதில் வருகிறது. வந்ததும் எடுத்துவிடுகிறோம். அதன் பலத்தில் நமக்குக் கடன் எதுவும் கிடைப்பதில்லை.

அந்தக் குழாயிலும் அடைப்புகள் உண்டு. நூறு நாள் வேலைத் திட்டம் 2006இல் நாகப்பட்டினம் மாவட்டத்துக்கும், 2007இல் தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களுக்கும் வந்தது. பல ஆண்டுகள் கூலி ரொக்கமாகக் கையில் தரப்பட்டது. பிறகு கணக்குக்கு மாறியது. இடையில் திருட முடியாது என்பது இதன் நன்மை. ஆனால் 2024 ஜனவரி 1 முதல் ஆதார் வழிப் பட்டுவாடா கட்டாயமானது. ஆதாரில் ஒரு எழுத்து, வேலை அட்டையில் ஒரு எழுத்து என்றால் கூலி நிற்கிறது. மண் சுமந்து தேய்ந்த விரலின் ரேகையை இயந்திரம் ஏற்க மறுக்கிறது. 2021-22இல் ஒன்றிய அரசு கூலி நிதியைப் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மற்றவர்கள் என்று மூன்றாகப் பிரித்து அனுப்பியதை நாம் மறந்துவிடக் கூடாது. ஒரே வாய்க்காலில் ஒன்றாக மண் வெட்டியவர்களுக்குச் சாதிவாரியாக வெவ்வேறு நாளில் கூலி ஏறியது. எதிர்ப்புக்குப் பிறகே அது கைவிடப்பட்டது. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது, சில வங்கிகள் அந்த 1,000 ரூபாயையும் பழைய இருப்புக் கட்டணத்துக்குப் பிடித்துக்கொண்டதாகப் புகார் எழுந்தது.

கடன் யாருக்கு, என்ன வட்டிக்கு?

ஒரே ஊரில் இரண்டு வீடுகளை வைத்துப் பார்ப்போம். முதல் வீட்டில் பட்டா இருக்கிறது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கிடைக்கும். வட்டி 7 சதவீதம். உரிய காலத்தில் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டியே இல்லை. இரண்டாவது வீட்டில் பட்டா இல்லை. அந்த வீட்டுப் பெண் நூறு நாள் தண்டலுக்குப் போகிறார். 10,000 ரூபாய்க் கடனுக்கு 1,000 ரூபாயை முன்னதாகவே பிடித்துக்கொண்டு 9,000 தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். பார்வைக்குப் பத்து சதவீதம்தான். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டே வருவதால், சராசரியாக அவர் கையில் இருந்த பணம் பாதிக்கும் கீழே. கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி ஏறத்தாழ 78 சதவீதம் வருகிறது. ஊருக்கு 7, சேரிக்கு 78. அந்த அரைப்படி நெல் இன்று இந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

தள்ளுபடியிலும் இதே கதைதான். 2021 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய்க் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. விவசாயிக்கு அது தேவைதான். ஆனால் அந்தக் கடனை வாங்கவே முடியாதவருக்குத் தள்ளுபடி ஏது? வாய்மொழிக் குத்தகைக்குப் பயிரிடும் தலித் விவசாயி நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போனாலும் கிராம நிர்வாக அலுவலரின் சான்று கேட்பார்கள். குத்தகை பதிவாகாதபோது அவர் பெயரில் சான்று கிடைப்பது கடினம். நில உரிமையாளர் பெயரில் நெல்லைப் போட்டு அவர் கணக்கில் பணம் ஏறும்வரை காத்திருக்க வேண்டும்; இல்லையென்றால் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

இந்த இடைவெளியில்தான் நுண்கடன் நிறுவனங்கள் நுழைந்தன. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்து, கூரை போன வீடுகளிலும் தவணை கேட்டு ஆட்கள் வந்து நின்றதை டெல்டாப் பெண்கள் இன்னும் சொல்கிறார்கள். கென்யாவிலும் இதைப் பார்க்கலாம். 2007இல் எம்-பெசா என்ற கைப்பேசிப் பணம் அங்கே கோடிக்கணக்கானவர்களைக் கணக்குக்குள் கொண்டுவந்தது. அதன் பின்னாலேயே கைப்பேசிவழிக் கடனும் வட்டிச் சுமையும் வந்தன. கணக்கு திறப்பது ஒன்று. நியாயமான கடன் கிடைப்பது வேறொன்று.

நிலம் கிடைத்தபோது

வெண்மணிக்குப் பிறகு டெல்டாவுக்கு வந்த கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் இணையர் 1981இல் லாஃப்டி இயக்கத்தைத் தொடங்கினார்கள். நில உரிமையாளர்களிடம் விலை பேசி, வங்கிக் கடனும் அரசு மானியமும் பெற்று, நிலமற்ற தலித் பெண்களின் பெயரில் ஆளுக்கு ஒரு ஏக்கர் அளவில் பதிவு செய்தார்கள். விளைச்சலிலிருந்து கடனைக் கட்டினார்கள் பெண்கள். இந்த வழிமுறையில் விமர்சனம் உள்ளவர்கள் நம்மிடையே உண்டு. உழுதவருக்கு உரிய நிலத்தை விலை கொடுத்து வாங்குவதா என்பது நியாயமான கேள்வி. ஆனால் ஒன்று நிரூபணமானது. நிலம் தன் பெயரில் வந்த பெண்ணுக்கு வங்கி கடன் தருகிறது. அந்தப் பெண் திருப்பியும் கட்டுகிறார். நம்பகம் இல்லாதவர்கள் என்று நம்மைத் தள்ளி வைத்தது வெறும் சாக்கு.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, ஒவ்வொரு சேரியிலும் பாஸ்புக்குகளை எடுத்துப் படிக்க வேண்டும். அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கும் ஜன் தன் கணக்குக்கும் குறைந்தபட்ச இருப்பு தேவையில்லை. கட்டணம் பிடித்திருந்தால் எழுத்தில் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் செய்யலாம்; தொலைபேசி எண் 14448.

இரண்டாவது, ஜன் தன் கணக்கில் 10,000 ரூபாய் வரை மிகைப்பற்று பெற வழி இருக்கிறது. கணக்கு தொடங்கி ஆறு மாதம் ஒழுங்காக இயங்கியிருக்க வேண்டும். இதைக் கேட்பவர்கள் குறைவு. கூட்டமாகப் போய்க் கேட்போம். மறுத்தால் காரணத்தை எழுதி வாங்குவோம்.

மூன்றாவது, 2022 ரிசர்வ் வங்கி விதிகளின்படி நுண்கடனுக்கு ஈடு கேட்கக் கூடாது. குடும்பத்தின் மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் தொந்தரவு செய்யக் கூடாது. இதை ஒரு தாளில் அச்சடித்து வீட்டுக்கு வீடு ஒட்டலாம்.

நான்காவது, எல்லாவற்றுக்கும் அடிப்படையானது. 1969ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தின்படி குத்தகைகளைப் பதிவு செய்யப் போராட வேண்டும். அதுவரை, பதிவில்லாக் குத்தகைதாரர்களுக்காக நபார்டு வகுத்த கூட்டுப் பொறுப்புக் குழு முறையில் கடன் கேட்கலாம். மனைக்கும் நிலத்துக்கும் பட்டா, அதுவும் பெண்கள் பெயரில் என்பதே நம் முழக்கமாக இருக்க வேண்டும்.

மாணவ நண்பர்களே, அண்ணல் அம்பேத்கர் 1923இல் வெளியிட்ட நூல் ரூபாயின் சிக்கலைப் பற்றியது. நாணயத்தையும் விலைவாசியையும் பற்றிய விவாதத்தில் கூலி உழைப்பாளியின் பக்கத்தையும் பார்த்தவர் அவர். அவர் வழியில் நடப்பவர்களுக்குக் கணக்கு அந்நியமானதல்ல. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் வீட்டு பாஸ்புக்கையும் கடன் அட்டையையும் எடுத்து வைத்து, அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்துக் காட்டுங்கள். எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு கட்டினோம், இன்னும் எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டு உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.