பாட்டியின் விரல்களும் 80 விழுக்காட்டில் நின்ற காணொளியும்

பாட்டிக்கு 80 வயது நிறைந்தபோது என்ன வேண்டும் என்று கேட்டோம். சேலை, வளையல் என்று ஏதாவது சொல்வார் என எதிர்பார்த்தோம். "தோட்டத்த ஒரு தடவ பாக்கணும்யா" என்றார்.

ஈப்போவிலிருந்து இரண்டு கார்களில் கிளம்பினோம். தாப்பாவிலிருந்து 59ஆம் எண் சாலை வளைந்து வளைந்து ஏறும். முன்பெல்லாம் இந்த வளைவுகளில் வாந்தி எடுக்காத பிள்ளை கிடையாது. இப்போது பிள்ளைகள் சன்னல் வழியாகக் கைபேசியை நீட்டிப் படம் பிடித்துக்கொண்டே வருகிறார்கள். ரிங்லெட்டுக்கு மேலே, பாட்டி 13 வயதில் கொழுந்து பறிக்கப் போன தோட்டத்தில், தெரிந்தவர் ஒருவர் மூலம் அனுமதி வாங்கி வைத்திருந்தோம்.

கேமரன் மலையில் ரசல் என்ற ஆங்கிலேயர் போ தோட்டத்தைத் தொடங்கியது 1929இல். காட்டை அழித்துச் சரிவுகளில் செடி நட்ட கைகளில் தமிழர் கைகள் ஏராளம். இன்று நிலைமை வேறு. இருவர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் செடிகளின் தலைக்குமேல் இழுத்துக்கொண்டு போகும் இயந்திரம்தான் பெரும்பாலும் அறுவடை செய்கிறது. அதை இயக்குபவர்களில் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். விரலால் கிள்ளிப் பறிக்கத் தெரிந்தவர்கள் பாட்டி வயதுக்காரர்கள்தான். அவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

பாட்டி செடிக்குள் இறங்கினார். யாரும் எதுவும் சொல்லவில்லை. இரண்டு இலை, ஒரு மொட்டு. இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் வெவ்வேறு கிளைகளில் ஓடின. கண் அங்கே இல்லை; அவர் எங்களோடு பேசிக்கொண்டிருந்தார். சட், சட் என்று ஒடியும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு நிமிடம் இருக்கும், முழங்கால் வலிக்கிறது என்று ஏறிவிட்டார். சில மாதங்களில் அந்த முழங்கால் மோசமாகி, இனி மேடு பள்ளம் ஏறக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆக, அந்த ஒரு நிமிடம்தான் எங்களிடம் இருப்பது. மறுபடி எடுக்க வழியில்லை.

குடும்ப விருந்துக்காக 14 நிமிடக் காணொளி ஒன்றைத் தயாரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அந்த விரல்களை மெதுவாக ஓடவிட்டு எல்லாருக்கும் காட்டவேண்டும் என்று ஆசை. அங்கே ஆரம்பித்தது தொல்லை.

நான் கேமராவில் எடுத்தது விநாடிக்கு 30 பிரேம். எடிட்டிங் மென்பொருளில் வேகத்தை 25 விழுக்காடாகக் குறைத்தேன். விரல்கள் ஓடவில்லை, தத்தித் தத்தி நின்றன. கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் புரிந்துவிடும். விநாடிக்கு 30 படங்கள் இருந்த இடத்தில் இப்போது ஏழரைப் படங்கள்தான் இருக்கின்றன. ஒவ்வொரு படத்தையும் நான்கு முறை திரும்பக் காட்டி மென்பொருள் இடத்தை நிரப்புகிறது. கண்ணுக்கு அது அசைவாகத் தெரியாது.

ஸ்லோ மோஷன் என்பது எடிட்டிங்கில் பிறப்பதில்லை, படம் எடுக்கும்போதே பிறக்கிறது. ஆஸ்திரியப் பாதிரியார் ஆகஸ்ட் முஸ்கர் 1904இல் காப்புரிமை பெற்ற காலத்திலிருந்து அடிப்படை மாறவில்லை: வேகமாக எடு, மெதுவாக ஓட்டு. விநாடிக்கு 60 பிரேமில் எடுத்ததை 30 பிரேம் டைம்லைனில் பாதி வேகத்துக்கு இறக்கலாம். 120இல் எடுத்திருந்தால் கால் வேகம். 240 என்றால் எட்டில் ஒரு பங்கு. அதற்குக் கீழே போனால் இல்லாத படங்களை மென்பொருள் கற்பனை செய்தாக வேண்டும்.

கற்பனை செய்யவும் வழி இருக்கிறது. பிரீமியர் புரோ, டாவின்சி ரிசால்வ் இரண்டிலும் ஆப்டிகல் ஃபுளோ என்று ஒரு தேர்வு உண்டு. இரண்டு படங்களுக்கு நடுவே ஒவ்வொரு புள்ளியும் எங்கே நகர்ந்திருக்கும் என்று ஊகித்துப் புதிய படங்களை உருவாக்கும். வெறும் வானத்துக்கு முன்னால் பறக்கும் பட்டம் என்றால் அழகாக வேலை செய்யும். தேயிலைச் செடியில் அது திணறுகிறது. ஒரே மாதிரி ஆயிரம் இலைகள். எந்த இலை எங்கே போனது என்று அதற்குத் தெரியவில்லை. விரல் இலைக்குப் பின்னால் மறைந்து மீண்டும் வெளியே வருவதையும் அது பின்தொடரமுடியாது. என் திரையில் பாட்டியின் கட்டைவிரல் உருகி இலையோடு ஒட்டிக்கொண்டது. பார்த்த என் மனைவி, "ஐயோ, இத பாட்டிகிட்ட காட்டிடாதீங்க" என்றார்.

அப்போதுதான் சித்தி மகன் ஞாபகத்துக்கு வந்தான். அவனும் பக்கத்தில் நின்று கைபேசியில் எடுத்தான், அதுவும் 120 பிரேமில். அன்றே வாட்ஸ்அப்பில் அனுப்பியும் இருந்தான். ஆவலாக எடுத்துப் போட்டேன். மறுபடியும் அதே தத்தல். வாட்ஸ்அப் வழியாகக் காணொளியாக அனுப்பும்போது கோப்பு சுருக்கப்பட்டு, அந்தக் கூடுதல் பிரேம்கள் வழியிலேயே கழன்றுவிடுகின்றன. ஸ்லோ மோஷன் கோப்பு எதையும் அப்படி வாங்காதீர்கள். ஆவணமாக, அதாவது 'டாக்குமெண்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அல்லது கேபிள் போட்டு நேராகக் கணினிக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி அதற்குள் புதுக் கைபேசி வாங்கிவிட்டான். பழையது எங்கே என்று கேட்டேன். "அலமாரியில எங்கயாச்சும் கிடக்கும் அண்ணே" என்றான். அந்த இரவு நான் சரியாகத் தூங்கவில்லை. மறுநாள் கிடைத்தது. சார்ஜ் ஏற்ற அரை மணி நேரம். மூலக்கோப்பு அப்படியே இருந்தது.

அதை 30 பிரேம் டைம்லைனில் போட்டு, கால் வேகத்தில் ஓடவிட்டேன். தண்ணீர் போல ஓடியது. கொழுந்து ஒடியும் நொடியில் காம்பிலிருந்து ஒரு பனித்துளி தெறிக்கிறது. பக்கத்தில் நின்ற எங்கள் யார் கண்ணிலும் அது அன்று படவில்லை.

அதே நாளில் நாங்கள் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றையும் சுற்றிப் பார்த்தோம். கொழுந்தை வாடவைப்பது, உருட்டுவது, புளிக்கவைப்பது, உலர்த்துவது எல்லாவற்றையும் தம்பி 120 பிரேமிலேயே எடுத்திருந்தான். வீட்டில் ஓட்டிப் பார்த்தால் தீபாவளி விளக்கு மாதிரி வெளிச்சம் கூடிக் கூடிக் குறைகிறது. கைபேசி கெட்டுவிட்டது என்று அவன் நினைத்தான். பிழை கைபேசியில் இல்லை, மின்சாரத்தில். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் பழைய குழல் விளக்குகளும் மலிவான சில எல்இடி விளக்குகளும் விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. நம் கண் அதைக் கவனிக்காது. ஆனால் விநாடிக்கு 120 படம் எடுக்கும் கேமரா அந்த ஏற்ற இறக்கத்தைப் பிடித்துவிடும். மெதுவாக்கினால் அது துடிப்பாகத் தெரியும். கேமராவில் 100 பிரேம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து, ஷட்டரை நூறில் ஒரு பங்கு விநாடியில் வையுங்கள். அது இல்லையென்றால் 50 பிரேம், அதே ஷட்டர். கல்யாண மண்டபத்தில் எடுப்பவர்களுக்கும் இதே கணக்குதான். வெயிலில் இந்தப் பிரச்சினை இல்லை. தொழிற்சாலைக் காட்சிகளை நான் மெதுவாக்காமல் சாதாரண வேகத்திலேயே விட்டுவிட்டேன்.

இன்னொரு சிறு சிக்கல், பாட்டியின் பேச்சு. பழைய லயத்து வீட்டையும் விடியற்காலைப் பெரட்டையும் பற்றி ஆறு நிமிடம் பேசியிருந்தார். முதலில் பொருந்தியிருந்த உதட்டசைவு போகப் போகக் குரலுக்குப் பின்தங்கியது. கைபேசிகள் வெளிச்சத்துக்கு ஏற்ப பிரேம் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பதிவு செய்யும். பல எடிட்டிங் மென்பொருள்கள் அதில் தடுமாறும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் கோப்பைப் போட்டு, மாறாத பிரேம் வேகத்துக்கு மாற்றிக்கொண்டு வந்தால் சரியாகிவிடும்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்து எக்ஸ்போர்ட் பொத்தானை அழுத்தினேன். விருந்துக்கு இரண்டு நாள் இருந்தது. 80 விழுக்காட்டைத் தாண்டியதும் பிழைச்செய்தி. மறுபடி அழுத்தினேன். மறுபடி அதே இடம்.

இங்கே ஒரு விஷயம் கவனியுங்கள். எக்ஸ்போர்ட் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நின்றால் பெரும்பாலும் கணினியின் சூடு, நினைவகம், வட்டில் இடமின்மை என்று தேடவேண்டும். மேசை விசிறியை மடிக்கணினி பக்கம் திருப்பிவைத்தே காப்பாற்றியவர்கள் உண்டு. ஒரே இடத்தில் நின்றால், அந்த இடத்தில் இருக்கும் கிளிப்பையோ எஃபெக்டையோ சந்தேகிக்க வேண்டும். அதைத் தனியாக எக்ஸ்போர்ட் செய்து பார்க்கலாம். கிராபிக்ஸ் அட்டையின் உதவியை நிறுத்திவிட்டு, செயலி மட்டும் வேலை செய்யும்படி 'சாஃப்ட்வேர் என்கோடிங்' என்று மாற்றியும் பார்க்கலாம். நேரம் பிடிக்கும், ஆனால் பல பிழைகள் அதிலேயே ஓடிவிடும்.

என் காணொளியில் அந்த இடத்தில் இருந்தது பாட்டியின் ஸ்லோ மோஷன் கிளிப். அதை எடுத்துவிட்டு எக்ஸ்போர்ட் செய்தேன். வயிறு எரிந்தது. அப்படியும் நின்றது, ஏறக்குறைய அதே நேரத்தில். அப்படியென்றால் குற்றவாளி கிளிப் அல்ல. நின்றுபோன கோப்பின் அளவைப் பார்த்தேன். நான்கு ஜிபியைத் தொட்டு நின்றிருந்தது.

விருந்து மண்டபத்துக்குக் கொண்டுபோக வசதியாக நேராகப் பென்டிரைவிலேயே எக்ஸ்போர்ட் செய்துகொண்டிருந்தேன். அந்தப் பென்டிரைவ் ஃபேட்32 முறையில் அமைக்கப்பட்டது. 64 ஜிபி காலியாக இருந்தாலும், அந்த முறையில் ஒரு தனிக்கோப்பு 4 ஜிபியைத் தாண்டமுடியாது. என் காணொளி 4கே, விநாடிக்கு 50 மெகாபிட். நிமிடத்துக்கு 375 எம்பி ஆகிறது. பதினோரு நிமிடத்தைத் தாண்டியதும் கூரையில் தலை இடித்துவிட்டது. பென்டிரைவை எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றி, முதலில் கணினியின் உள்வட்டில் எக்ஸ்போர்ட் செய்து, பிறகு நகலெடுத்தேன். பாட்டியின் கிளிப் பழைய இடத்துக்கே திரும்பியது. உண்மையில் மண்டபத்துப் புரொஜெக்டருக்கு 1080 போதும், 16 மெகாபிட் போதும், ஒன்றே முக்கால் ஜிபியில் முடிந்திருக்கும். 4கே என்ற ஆசைதான் இரண்டு இரவுத் தூக்கத்தைத் தின்றது.

விருந்தன்று விளக்கை அணைத்து ஓட்டினோம். அந்த இடம் வந்ததும் மண்டபம் அமைதியானது. விரல் மெல்ல வளைகிறது, காம்பு ஒடிகிறது, துளி தெறிக்கிறது. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். முன்வரிசையில் இருந்த பாட்டி மட்டும் என் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "ஏன்யா என்னய இப்படிச் சோம்பேறி ஆக்கிட்ட? இந்த வேகத்துல பறிச்சா கங்காணி சும்மா விடுவாரா? கூடை எப்ப நெறையிறது?"

மண்டபமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. சரியான வேகத்தில் போட்டுக் காட்டச் சொன்னார். நல்லவேளை, நான் முதலில் எடுத்த 30 பிரேம் கோப்பு மடிக்கணினியில் இருந்தது. அதைப் போட்டேன். கொள்ளுப்பேரன் எழுந்துபோய்த் திரைக்குப் பக்கத்தில் நின்று, விரல்களை எண்ணப் பார்த்துத் தோற்று, இன்னொரு முறை போடச் சொன்னான்.