பேரிஜம் சாலையில் ஒரு வலசை விருந்தாளி

கொடைக்கானலில் மோயர் பாயின்ட் சோதனைச்சாவடியைத் தாண்டி ஜீப் முதல் வளைவில் திரும்பியதும் அதைப் பார்த்தேன். இரவு பெய்த மழையில் சாலையோரம் தேங்கிக் கிடந்த தண்ணீரை ஒட்டி நின்றது. சிட்டுக்குருவியை விடக் கொஞ்சம் நீளம். முதுகு சாம்பல் நிறம், வாலடியில் பளிச்சென்று மஞ்சள். நாலடி ஓடியது, நின்றது. நின்ற இடத்திலும் வால் மட்டும் ஓயாமல் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. வண்டி நெருங்கியதும் ‘ச்சிட்டிட்’ என்று ஒரு குரல் கொடுத்து, அலையலையாக ஏறி இறங்கிப் பறந்து, முப்பதடி தள்ளி மறுபடியும் சாலையிலேயே இறங்கியது. நாங்கள் போக, அது பறக்க, இறங்க, நாங்கள் மறுபடி நெருங்க... இப்படியே அரைக் கிலோமீட்டர் எங்களுக்கு முன்னால் வழிகாட்டிக்கொண்டு வந்தது.

“வந்துருச்சுல்ல” என்றார் ஜீப் ஓட்டிய அண்ணன், சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி. “ஆவணி கடைசியில ஒண்ணு ரெண்டு தலை காட்டும் சார். ஐப்பசி மழைக்குள்ள எல்லாம் வந்து சேந்துரும். சித்திரை பொறந்தா ஒண்ணக்கூடப் பாக்க முடியாது.”

சாம்பல் வாலாட்டி என்பது அதன் பெயர். இமயமலையின் ஓடைக்கரைகளிலும் அதற்கு வடக்கேயும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர் தொடங்கும்போது தெற்கே இறங்கி வருகிற பறவை. அண்ணன் தமிழ் மாதத்தில் சொன்ன கணக்கு பறவையியல் நூல்கள் சொல்வதோடு அப்படியே பொருந்துகிறது.

வலசைப் பறவை என்றதும் நமக்கு வேடந்தாங்கலும் கூந்தன்குளமும் கோடியக்கரையும்தான் நினைவுக்கு வரும். ஏரி நிறைய வாத்துகள், மரம் நிறைய நாரைகள். கொடைக்கானலுக்கு அப்படிப்பட்ட காட்சியை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்புவார்கள். அந்தக் காட்சி மலைக்குக் கீழே இருக்கிறது. பழனி வழியாக மலையேறினால் வரதமாநதி அணை சாலையை ஒட்டியே வரும். பாலாறு-பொருந்தலாறு அணையும் அருகில்தான். வத்தலக்குண்டு வழியாக ஏறினால், கொண்டை ஊசி வளைவுகளில் நின்று மஞ்சளாறு அணையைக் குனிந்து பார்க்கலாம். நல்ல மழை பெய்த ஆண்டில் அடிவாரத்து நீர்நிலைகளில் நீலச்சிறகிகளும் ஊசிவால் வாத்துகளும் இறங்கும். உள்ளான்கள் சேற்றைக் கிளறும். ஓர் அதிகாலையை அங்கே கழித்துவிட்டு மேலே போவது நல்லது. இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியோடு மலையேறலாம்.

பழனிமலையின் வடக்கு முகத்தில் விழும் மழை பொருந்தலாறு, பாலாறு, குதிரையாறு என்று இறங்கி அமராவதிக்குப் போகிறது. தெற்கு முகத்து மழை மஞ்சளாறு, வராகநதி, மருதாநதி என்று வைகைக்குப் போகிறது. பனிமலை கிடையாது, உருகி வருவதற்கு ஒன்றுமில்லை. இருந்தும் மழை நின்று மாதக்கணக்கான பிறகும் ஓடைகளில் தண்ணீர் ஓடுகிறதே, எப்படி? பேரிஜம் சாலையில் வண்டியை நிறுத்தி இறங்கினால் விடை காலடியிலேயே இருக்கிறது.

மேல்மலையில் குன்றுகளின் முதுகெல்லாம் புல். குன்றும் குன்றும் சேரும் மடிப்பில் குட்டையான மரங்கள் நெருங்கிய சோலைக்காடு. சோலைக்குக் கீழே, ஓடை வேகம் குறைந்து பரவும் இடத்தில், கோரையும் பாசியும் மூடிய சமதரை. பார்ப்பதற்குச் சாதாரணப் புல்தரை மாதிரிதான் இருக்கும். கூட வந்த வனக்காவலர் சொன்ன இடத்தில் கால் வைத்தேன். தரை மெத்தை போல அமுங்கியது. காலை எடுத்ததும் அந்தத் தடத்தில் தண்ணீர் ஊறி நிறைந்தது. மண் மை மாதிரி கறுப்பு. செத்த புல்லும் கோரையும் குளிரிலும் ஈரத்திலும் முழுதாக மக்காமல், அடுக்கடுக்காகப் படிந்து உண்டான மண் இது. பஞ்சு போல மழையைக் குடித்து வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் சொட்டுச் சொட்டாக விடுகிறது. கொடைக்கானலின் உண்மையான நீர்த்தொட்டி இதுதான். வலசைப் பறவைகள் தேடி வரும் ஈரநிலமும் இதுதான்.

அந்தக் கறுப்புச் சேற்றில்தான் காவலர் ஓர் அதிசயத்தைக் காட்டினார். பென்சிலால் குத்தினாற்போல வட்டமான சிறு துளைகள். பத்துப் பன்னிரண்டு ஒரு கொத்தாக, ஓரடி தள்ளி இன்னொரு கொத்து. “ராத்திரி வந்து மேஞ்சிருக்கு சார்” என்றார். வெள்ளைக்காரர்கள் ‘வுட்காக்’ என்று அழைத்த காட்டு உள்ளானின் அலகுத் தடம் அது. இமயமலைக் காடுகளிலிருந்து குளிர்காலத்துக்கு நம் மேற்குத்தொடர்ச்சி மலை உச்சிகளுக்கு வந்து சேரும் பறவை. பகலெல்லாம் சோலையின் சருகுமேல் அசையாமல் படுத்திருக்கும். உடம்பு முழுக்கச் சருகு நிறம், சருகு வரி. ஒரு கஜ தூரத்தில் நின்றாலும் கண்ணுக்குப் படாது. கண்கள் தலையின் பின்பக்கமாகத் தள்ளி அமைந்திருப்பதால், தலையைத் திருப்பாமலே சுற்றிலும் பார்க்கும். அந்தி சாய்ந்ததும் சதுப்புக்கு வந்து நீண்ட அலகைச் சேற்றில் செருகும். அலகின் முனைக்கு மட்டும் தனியாக வளையும் திறன் உண்டு. மண்ணுக்குள்ளேயே நுனியைத் திறந்து, தொட்டுணர்ந்து, மண்புழுவைப் பிடித்துவிடும். தரை இறுகிப் போனால் அலகு இறங்காது, பறவைக்குப் பட்டினிதான்.

பேரிஜத்துக்கு வருகிற பயணிகள் பிற்பகலிலேயே திரும்பிவிட வேண்டும் என்பதால் அந்திப் பறவையை நான் பார்க்கவில்லை. அந்தத் துளைகளைப் பார்த்தேன். அதுவே போதுமான பேறாக இருந்தது.

சோலை ஓரத்தில் காதைக் கொடுத்து நின்றால் இன்னொரு விருந்தாளியின் குரல் கேட்கும். ‘ச்சிவீ... ச்சிவீ’ என்று இலைகளுக்குள்ளிருந்து வரும் இலைக்கதிர்க்குருவியின் குரல். மொத்த எடை பத்து கிராமுக்கும் குறைவு. ஒரு ரூபாய்க் காசு இரண்டை உள்ளங்கையில் வைத்தால் ஏறக்குறைய அவ்வளவு. இந்த உடம்போடு இமயத்துக்கு அப்பாலிருந்து இரவிரவாகப் பறந்து வருகிறது. வந்ததும் சில மரங்களைத் தன் எல்லையாகப் பிடித்துக்கொண்டு, குளிர்காலம் முழுக்க அந்தக் குரலால் காவல் காக்கிறது. இலைக்கடியில் இருக்கும் புழுபூச்சிகளே அதன் சம்பளம். காஷ்மீரப் பகுதியில் மட்டுமே குஞ்சு பொரித்து, நம் மலைகளிலும் இலங்கையின் நுவரெலியாவிலும் குளிர்காலத்தைக் கழிக்கும் காஷ்மீர் ஈப்பிடிப்பானும் இந்தச் சோலையோரங்களுக்கு வரும். ஆணின் தொண்டையில் செம்மஞ்சளும் அதைச் சுற்றிக் கறுப்புக் கரையும் இருக்கும். உலகத்திலேயே எண்ணிக்கை குறைந்துவரும் பறவை. மன்னவனூர்ப் பக்கம் போனால் திறந்த புல்வெளிகளின் மேல் தாழப் பறந்து இரை தேடும் பூனைப்பருந்துகளைத் தேடிப் பார்க்கலாம். அவை மத்திய ஆசியப் புல்வெளிகளிலிருந்து வருபவை. ஒரு புல்வெளியை விட்டு இன்னொரு புல்வெளியை நம்பி வருகின்றன.

விருந்தாளிகளைப் பேசும்போது வீட்டுக்காரர்களை விட்டுவிடக் கூடாது. பழனி சிரிப்பான், சோலைக்கிளி இரண்டும் இந்த மலைகளை விட்டு எங்கும் போகாதவை. 1860களில் அமெரிக்க மிஷனரி சாமுவேல் ஃபேர்பேங்க் இங்கே சேகரித்த பறவைகளைக் கொண்டுதான் இவை அறிவியலுக்கு அறிமுகமாயின. சிரிப்பானின் அறிவியல் பெயரில் இன்றும் அவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1877-இல் பழனிமலைப் பறவைகளைப் பற்றி அவர் தனியாகவே எழுதினார். சோலைக்கிளி இனத்துக்கு 2017-இல் ஆய்வாளர்கள் ‘ஷோலிகோலா’ என்று புதுப் பேரினப் பெயர் வைத்தார்கள். நம் ‘சோலை’ என்ற சொல் அறிவியலின் பெயர்ப் பட்டியலில் ஏறியது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

கொடைக்கானலில் இருந்து சுமார் இருபது கிலோமீட்டரில் பேரிஜம் ஏரி. பரப்பு 24 ஹெக்டேர். நகரத்து நடுவிலிருக்கும் கொடைக்கானல் ஏரியும் ஏறத்தாழ அதே அளவுதான். அது 1863-இல் மதுரை ஆட்சியராக இருந்த வீர் ஹென்றி லெவிஞ்ச் ஓடைகளைத் தேக்கி உருவாக்கியது. பேரிஜம் பகுதியைச் சுற்றி ஆராய்ந்தவர் ராணுவ அதிகாரி டக்ளஸ் ஹாமில்டன். 1860களில் வந்த அவர் கண்டது ஏரி இல்லை, பெரிய சதுப்பு. பழங்காலத்தில் மிகப் பெரிய ஏரியாக இருந்த படுகை என்று அதை அவர் கருதினார். அவர் பெயரால் இந்த இடத்துக்கு ‘ஃபோர்ட் ஹாமில்டன்’ என்றும் பெயர். கோட்டை என்பது பெயரில் மட்டும்தான். பிறகு அணை கட்டி ஏரியாக்கினார்கள். இன்று பெரியகுளத்து மக்கள் குடிப்பது இந்த ஏரித் தண்ணீரை.

ஒரே அளவுள்ள இரண்டு ஏரிகள், விதிதான் வேறு. ஒன்றைச் சுற்றிப் படகுகள், குதிரைகள், சைக்கிள்கள், கடைகள். மற்றொன்றைச் சுற்றிக் காடும் காட்டுமாடுகளும். பேரிஜத்தைக் காப்பாற்றி வைத்திருப்பது வனத்துறையின் அனுமதிச் சீட்டுதான். ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்ற கட்டுப்பாட்டைப் பலர் திட்டுகிறார்கள். அது இல்லாதிருந்தால் அந்தக் கரையும் எப்போதோ கடைவீதி ஆகியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பேரிஜம் வழியாக மூணாறு பக்கம் போன பழைய சாலை 1990-இல் மூடப்பட்டதும், 608 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பு 2013-இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதும் இந்த மலைக்குக் கிடைத்த நல்ல காரியங்கள்.

ஆனால் கேட்டுக்கு உள்ளேயே ஒரு கேடு வளர்ந்துகொண்டிருக்கிறது. சாலையின் பெரும்பகுதி பைன் மரங்களுக்கும் வாட்டில் மரங்களுக்கும் நடுவில்தான் ஓடுகிறது. பயணிகள் இறங்கிப் படம் எடுத்துக்கொள்ளும் பைன் காடு, உண்மையில் காடே இல்லை. மனிதர் நட்ட தோட்டம். தோல் பதனிடும் பட்டைக்காகவும் ஆலைகளின் மரக்கூழுக்காகவும் புல்வெளிகளை ‘தரிசு’ என்று எண்ணி நட்டார்கள். தேவை தீர்ந்தது, மரம் நிற்கவில்லை, பரவியது. வாட்டில் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். ஒரு தீ வந்து போனால் ஆயிரக்கணக்கில் முளைத்துவிடும். 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு, நாற்பதாண்டுகளில் பழனிமலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று கண்டது. மரத்தோட்டங்களும் விவசாயமும் அதை விழுங்கிவிட்டன.

புல்வெளி போனால் அதன் மடியிலுள்ள சதுப்பும் காயும். காவலர் இன்னோர் இடத்துக்குக் கூட்டிப்போனார். சிறு வயதில் மாடு இறங்கினால் சிக்கிக்கொள்ளும் என்று பயமுறுத்தப்பட்ட சதுப்பாம் அது. இப்போது வாட்டில் கன்றுகள் இடுப்புயரம் நிற்கின்றன. கால் வைத்தேன். அமுங்கவில்லை. துளை ஒன்றுகூட இல்லை.

எல்லா அந்நிய மரத்தையும் ஒரே வீச்சில் வெட்டித் தள்ளுவது தீர்வாகாது. முதிர்ந்த தோட்டங்களின் நிழலில் பல இடங்களில் சோலை மரக்கன்றுகள் தாமாகவே எழுந்து வருகின்றன; அங்கே கோடரி வைத்தால் சோலையும் சேர்ந்து சாகும். முதலில் காக்க வேண்டியது மிச்சமிருக்கும் புல்வெளியையும் சதுப்பையும். அவற்றின் விளிம்பில் முளைக்கும் வாட்டில் கன்றை, அது மரமாவதற்குள், ஆண்டுதோறும் கையால் பிடுங்க வேண்டும். ஆரவாரமில்லாத, வருடக்கணக்கான வேலை. தமிழ்நாடு அரசு 2022-இல் அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கென்று ஒரு கொள்கையே வகுத்திருக்கிறது. அதன் முதல் கை இந்தச் சதுப்புகளின் மேல் பட வேண்டும்.

போக விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மே மாதத்தில், கொடைக்கானல் மனிதர்களால் பிதுங்கும்போது, இந்த விருந்தாளிகள் ஊர் திரும்பியிருப்பார்கள். கார்த்திகை முதல் மாசி வரை போங்கள். வனத்துறை அலுவலகத்தில் முன்கூட்டியே சீட்டு வாங்குங்கள். ஹாரன் அடிக்காதீர்கள், பாட்டுப் போடாதீர்கள். சதுப்பில் தனியாக இறங்காதீர்கள்: அமுங்குவது உங்கள் கால், ஆனால் கிழிவது பல நூறாண்டுகளாகப் படிந்த மண். பறவையைக் கூப்பிடப் பதிவுசெய்த குரலை ஒலிக்கவிடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பத்து கிராம்கூட இல்லாத உயிர், எதிரி வந்துவிட்டான் என்று பதறித் தன் சக்தியை வீணாக்கும்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். கோத்தகிரி அருகிலுள்ள லாங்வுட் சோலை வெறும் 116 ஹெக்டேர்தான். 2024 ஜனவரியில் அது உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. ஈரநிலம் என்றால் ஏரி, கழிமுகம் என்றிருந்த எண்ணத்தை மாற்றி, மலைச்சோலையும் ஈரநிலம்தான் என்று உலகம் ஒப்புக்கொண்டது. பழனிமலையில் இருந்து ஒரு பெயர்கூட அந்தப் பட்டியலில் இல்லை. பேரிஜத்தையும் அதைச் சுற்றியுள்ள சதுப்புகளையும் ஒவ்வொன்றாக அளந்து, எல்லை குறித்து, பெயரிட்டு, அந்தப் பட்டியலுக்கு அனுப்ப வேண்டும். இரண்டு நதிகளுக்குத் தண்ணீர் தருகிற மலை இது. இந்த வேலையை வனத்துறை அடுத்த ஆவணிக்குள் தொடங்க வேண்டும்.