ரேடியோ செட் நண்பனும் ஒரு ராக் ஃபெஸ்டிவலும்: செஞ்சிப் பக்கத்திலிருந்து போறவங்களுக்கு ஒரு கைடு

1969 ஆகஸ்ட். அமெரிக்காவில் மேக்ஸ் யாஸ்கர் என்ற பால்பண்ணைக்காரரின் நிலத்தில் ஏறக்குறைய நாலு லட்சம் பேர் கூடினாங்க. அதுதான் வுட்ஸ்டாக். ராக் இசைன்னாலே இன்னிக்கும் எல்லாரும் சொல்ற பேர். அந்த மேடையில் முதல் நாள் தொடக்க உரை பேசினவர் யார் தெரியுமா? கோயம்புத்தூர் பக்கம் செட்டிப்பாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தா. அடுத்த வருஷமே இங்கிலாந்தில் மைக்கேல் ஈவிஸ் என்ற இன்னொரு மாட்டுப்பண்ணைக்காரர் கிளாஸ்டன்பரி திருவிழாவை ஆரம்பிச்சார். டிக்கெட் 1 பவுண்டு, பண்ணைப் பால் இலவசம்!

ஆக, உலகத்தில் பேர் வாங்கின ரெண்டு ராக் திருவிழாக்களும் மாடு மேய்ஞ்ச இடத்தில் நடந்தவை. இதை சிங்கவரத்தில் இருக்கிற என் நண்பன்கிட்ட சொன்னப்போ, "அப்ப நம்ம ஊர்ல நடத்தலாம்டா, மாடு நிறைய இருக்கு"ன்னான்.

மாடு மட்டுமா, பாறையும் நிறைய இருக்கு. செஞ்சியிலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கிற ஊர் சிங்கவரம். மலையைக் குடைஞ்சு, அதே பாறையிலேயே செதுக்கின 24 அடி நீள ரங்கநாதர் அங்கே படுத்திருக்கார். பக்கத்திலேயே செஞ்சிக் கோட்டை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் சேர்ந்த 12 மராத்திய கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருக்கிறது இது ஒண்ணுதான். 'கோட்டைக்குள்ள ஒரு ராக் ஷோ வெச்சா எப்படி இருக்கும்'னு இன்ஸ்டாவில் ஆசைப்படுறவங்க உண்டு. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிற இடம் என்பதால் அனுமதி இல்லாமல் அங்கே ஒரு ஸ்பீக்கர் பெட்டியைக்கூட இறக்க முடியாது. அதனால நாமதான் பஸ் ஏறணும்.

எங்கே இருக்கு இந்த சின்ன ஃபெஸ்டிவல் எல்லாம்?

மும்பையில் 1986-லேயே 'இண்டிபெண்டன்ஸ் ராக்' தொடங்கிடுச்சு. அருணாச்சலப் பிரதேசத்தில் 2012-லிருந்து நடக்கிற 'ஜீரோ' திருவிழா, வயல்வெளி நடுவில் மூங்கில் மேடை போட்டு நடக்கிறது. நம்ம பக்கம் பார்த்தால், பல வருஷமா கல்லூரி விழாக்கள்தான் ராக்குக்கு வாசல். சென்னை ஐஐடி-யின் சாரங் விழாவில் ராக் ஷோவுக்குன்னே வெளியூரிலிருந்து பசங்க வருவாங்க.

கல்லூரிக்கு வெளியே வந்தது கொஞ்சம் பின்னாடி. 2013-ல் ஈசிஆர் கோவளம் மீனவ கிராமத்தில் அலைச்சறுக்கோட இசையும் சேர்ந்த கோவ்லாங் பாயின்ட் திருவிழா வந்தது. பகலில் கடலில் போட்டி, சாயங்காலம் மணலில் பேண்ட். 2015-ல் பெசன்ட் நகர் பக்கம் ஊரூர் ஆல்காட் குப்பம் விழா. அது ராக் விழா இல்லை, எல்லா இசையும் உண்டு. ஆனா, மீனவர் குடியிருப்புக்கு நடுவில் இலவசமா மேடை போடலாம்னு காட்டினது. 2018 ஜனவரி 6-ம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலா மேடை ஏறிச்சு. எலெக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும் பறையும் கானாவும் ஒரே மேடையில். தமிழில் ராக் கேட்டதே இல்லைன்னு சொல்றவங்க அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

இதெல்லாம் பேர் தெரிஞ்சவை. நாங்க போனது ஈசிஆர் ஓரமா ஒரு தோப்பில் நடந்த ரொம்பச் சின்ன ஒண்ணு. ஆறு பேண்ட், முந்நூறு பேர் இருந்தா அதிகம். என் நண்பன் சிங்கவரம் சுத்துப்பட்டில் ரேடியோ செட் கட்டுறவன். கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுன்னாலும் குழாயும் பாக்ஸும் அவனுதுதான். ராக் ஷோ அவனுக்கு இதுதான் முதல் தடவை. கூட்டிட்டுப் போனது நான். பாடம் எடுத்தது அவன்.

'ஆம்ப் கிழியுதுடா!'

முதல் பேண்ட் கிட்டாரை இழுத்ததுமே நண்பன் பதறிட்டான். "மச்சி, ஆம்ப் கிழியுதுடா, ஒருத்தனும் கவனிக்கலையா?" ரேடியோ செட் பாஷையில், தாங்குற அளவுக்கு மேல சிக்னல் போய் சத்தம் கரகரன்னு உடையறதுதான் கிழியறது. கல்யாண வீட்டில் அது நடந்தா கட்டின காசு வராது. ராக்கில் அதேதான் ஸ்டைல். கிட்டார் சிக்னலின் உச்சியை வேணும்னே வெட்டி விடுறாங்க. அலையின் வளைஞ்ச தலை தட்டையாகுது, அதிலிருந்து புதுசா மேல்ஸ்தாயி ஒலிகள் பிறக்குது, ஒரு தந்தியைத் தட்டினாலே சுவர் மாதிரி சத்தம் எழும்புது. இதுக்குப் பேர் டிஸ்டார்ஷன். "கிழிக்கிறதுக்கு பெடல் வெச்சு, அதுக்குக் காசு வேற குடுக்குறானுங்களா!"ன்னு ரொம்ப நேரம் சிரிச்சான்.

அடுத்து அவன் பார்த்தது ஜெனரேட்டர். எர்த் கம்பியை எங்கே அடிச்சிருக்காங்க, மண் ஈரமா இருக்கான்னு போய்ப் பார்த்துட்டு வந்தான். இது விளையாட்டு இல்லை. எர்த் சரியில்லைன்னா பாட்டுக்கு நடுவில் 'ம்ம்ம்'னு 50 ஹெர்ட்ஸ் முனகல் வரும், அது பரவாயில்லை. ஆனா கிட்டார் தந்தியில் கை வெச்சுக்கிட்டே பாடகர் உதடு மைக்கில் பட்டா ஷாக் அடிக்கும். உலகம் முழுக்க மேடையிலேயே இப்படி இறந்த கலைஞர்கள் உண்டு. சின்ன ஃபெஸ்டிவலில் மழை தூறினதும் ஷோவை நிறுத்தினா 'ஊ'ன்னு கத்தாதீங்க. நிறுத்துறவர்தான் வேலை தெரிஞ்சவர்.

மேடைப் பேச்சும் அவனுக்குப் பழகினதாவே இருந்தது. செஞ்சிப் பக்கம் மேலச்சேரி திரௌபதியம்மன் கோயில்ன்னா தெருக்கூத்துக்காரங்களுக்குத் தெரியாம இருக்காது. ராத்திரி முழுக்க முகவீணையும் மத்தளமும் ஆர்மோனியமும் கேட்டு வளர்ந்த ஊர்ப்பிள்ளைக்கு, பாட்டுக்குப் பாட்டு நடுவில் கூட்டத்தைக் கலாய்க்கிற பாடகரைப் பார்த்ததும், "நம்ம கட்டியக்காரன்டா இவன்!"னு தோணிடுச்சு. எனக்கு இத்தனை வருஷமா தோணாதது.

எங்கே நிக்கணும்?

புதுசா போறவங்க நேரா மேடைக்கு முன்னாடி ஓடுவாங்க. அங்கே உற்சாகம் அதிகம், சத்தம் மோசம். பாடகர் குரல் பெரும்பாலும் ரெண்டு ஓரத்து ஸ்பீக்கரிலிருந்துதான் வருது. நடுவில் முன்னாடி நிக்கிறவருக்கு டிரம்ஸும் கிட்டார் ஆம்பும்தான் கேட்கும், வரி புரியாது. நல்ல இடம் மிக்ஸர் மேசைக்குப் பக்கத்தில். சவுண்ட் இன்ஜினீயர் தன் காதுக்குக் கேட்கிறதை வெச்சுத்தான் எல்லாத்தையும் சரிபண்றார், அவருக்குக் கேட்கிறதே உங்களுக்கும் கேட்கும். ரொம்பப் பின்னாடி போகவும் வேண்டாம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 100 மீட்டர் தள்ளி நின்னா டிரம்மர் அடிச்சு கிட்டத்தட்ட மூணில் ஒரு பங்கு நொடி கழிச்சுத்தான் சத்தம் வரும். கல்குவாரியில் தூரத்திலிருந்து சம்மட்டி அடிக்கிறதைப் பார்த்தவங்களுக்கு இது புரியும்.

முன்வரிசையில் பசங்க ஒருத்தரையொருத்தர் இடிச்சு ஆடுறதைப் பார்த்து சண்டைன்னு நினைக்காதீங்க. அதுக்குப் பேர் மாஷ் பிட். எழுதாத சட்டம் ஒண்ணு இருக்கு: யாராவது கீழே விழுந்தா, இடிச்சவனே முதல்ல தூக்கணும். பிடிக்காதவங்களை உள்ளே இழுக்கக் கூடாது. பெண்கள் வேண்டாம்னு சொன்னா அதோட நிறுத்திக்கணும். அது எந்தத் திருவிழாவுக்கும் உள்ளதுதான்.

காது

இந்தக் கட்டுரையை எழுத ஆரம்பிச்சதே இதுக்காகத்தான்.

ஷோ முடிஞ்சு வெளியே வந்தப்போ எனக்குக் காதில் 'கொய்ங்'. நண்பன்கிட்ட சொன்னேன். அவன் ரொம்ப சாதாரணமா, "அது எப்பவும் இருக்கிறதுதானே?"ன்னான். எனக்குக் காலையில் நின்னுடுச்சு. அவனுக்கு மூணு வருஷமா நிக்கலை. எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்னு நினைச்சுக்கிட்டு யார்கிட்டயும் சொல்லாம இருந்திருக்கான்.

உள்காதில் ஒலியை நரம்புக்குச் சொல்ற நுண்ணிய முடிச் செல்கள் பிறக்கும்போது ஒரு காதுக்குச் சுமார் 15,000 இருக்கும். செத்தா திரும்ப முளைக்காது. 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம்னு அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஒரு வரம்பு வெச்சிருக்கு. அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு ஒரு மணி. 100 டெசிபல்னா 15 நிமிஷம்தான்! உலக சுகாதார நிறுவனம் 2022-ல் இசை அரங்குகளுக்கு வெச்ச அளவுகோலும், சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாதுங்கிறதுதான். ராக் ஷோ சர்வசாதாரணமா அதைத் தொடும். நம்ம ஊர்த் திருவிழாவில் பாக்ஸுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறவர் நிலைமையும் அதேதான். நாம வருஷத்துக்கு ரெண்டு ஷோ போவோம். அவன் சீசன்ல வாரத்துக்கு நாலு ராத்திரி அங்கேயே இருக்கான்.

ஷோவுக்கு அப்புறம் கட்டாயப்படுத்தி காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். ஆடியோகிராம் எடுத்தாங்க. கண்ணாடி அறையில் உட்கார வெச்சு, ஹெட்போனில் சின்னச் சின்ன ஒலி போட்டு, கேட்டா பட்டனை அழுத்தச் சொல்வாங்க; வலியெல்லாம் இல்லை. வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம். சத்தத்தால் கெட்ட காதுக்கு அதுதான் அடையாளம். போனது வராது, இருக்கிறதைக் காப்பாத்தலாம்னு டாக்டர் சொன்னார். ச, ஸ, ஃப் மாதிரி மெல்லிய எழுத்துகள்தான் முதல்ல மங்குமாம். கூட்டத்தில் அவனைக் கூப்பிட்டா "என்ன? என்ன?"ன்னு கேட்பானே, அது திமிர் இல்லைன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சது.

அவனுக்கு இது பிழைப்பு. மேல்ஸ்தாயி சரியா கேட்கலைன்னா, செட்டில் டிரெபிளை இன்னும் ஏத்துவான். தன்னையறியாமல் தனக்குக் கேட்கிற அளவுக்கு ஊருக்கே ஏத்துவான். ஊர்க்காது கெடுறது இப்படியும்தான்.

தீர்வு ஒண்ணும் பெரிசில்லை. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற நுரை அடைப்பான் போதும். உருட்டி மெலிசாக்கி, காது மடலை மேல் பக்கமா இழுத்துப் பிடிச்சு உள்ளே விட்டு, விரியற வரை விரலால் அழுத்திப் பிடிக்கணும். பஞ்சு வெச்சா பெரிசா பலன் இல்லை. நுரை வெச்சா பாட்டு மந்தமாத் தெரியும். அது பிடிக்காதவங்களுக்கு எல்லா ஸ்தாயியையும் ஒரே அளவில் குறைக்கிற மியூசிஷியன் இயர்பிளக் ஆன்லைனில் கிடைக்குது. நடுநடுவே டீக்கடைப் பக்கம் போய் காதுக்கு ஓய்வு குடுங்க. திறந்தவெளியில் ஸ்பீக்கரிலிருந்து தூரம் ரெண்டு மடங்கானால் சுமார் 6 டெசிபல் குறையும், பைசா செலவில்லாத வைத்தியம். மறுநாளும் 'கொய்ங்' நிக்கலைன்னா தள்ளிப்போடாம டாக்டரைப் பாருங்க. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதுக்குத் தனிப் பிரிவே இருக்கு.

திரும்பி வர்றது

திறந்தவெளி ஒலிபெருக்கிக்கு ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை தடை. 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகள் சொல்றது அது. திருவிழா நாட்களுக்கு அரசு வருஷத்தில் 15 நாள் வரை நள்ளிரவு வரைக்கும் விலக்கு தரலாம். சின்ன ஃபெஸ்டிவலுக்கு அந்த விலக்கெல்லாம் எதிர்பார்க்காதீங்க. பத்து மணிக்கு ஷோ முடியும், நீங்க ஈசிஆரில் நிப்பீங்க. கோவளம் பக்கம்னா அங்கிருந்து கேளம்பாக்கம், வண்டலூர் வழியா கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடலாம். கேளம்பாக்கம் வேற, கிளாம்பாக்கம் வேற. ராத்திரியில் ஆட்டோக்காரர்கிட்ட பேரை அழுத்திச் சொல்லுங்க. திண்டிவனம், செஞ்சி வழியா திருவண்ணாமலை போற பஸ் பிடிச்சா வேலை முடிஞ்சது. கேர்ள்ஸ் கேங்கா போறீங்கன்னா, போறதுக்கு முன்னாடியே திரும்புற வண்டியை முடிவு பண்ணிட்டு, லைவ் லொக்கேஷனை வீட்டில் ஒருத்தருக்கு அனுப்பிடுங்க. போன் சார்ஜை வீடியோ எடுத்தே தீர்த்துடாதீங்க, எப்படியும் போன் மைக்கில் பேஸ் எல்லாம் தகர டப்பா மாதிரித்தான் பதிவாகும்.

உள்ளூர் பேண்டுக்கு டிக்கெட் காசில் பெரிசா மிஞ்சாது. பிடிச்சிருந்தா ஓரத்து மேசையில் விக்கிற டி-ஷர்ட் ஒண்ணு வாங்குங்க, இல்லைன்னா அவங்க பாட்டை யூடியூபில் தேடிக் கேளுங்க. நண்பன் டி-ஷர்ட் வாங்கலை. சவுண்ட் இன்ஜினீயர்கிட்ட அரை மணி நேரம் பேசிட்டு வந்தான்.

இந்த ஆடித் திருவிழாவில் அவன் பாக்ஸைத் தரையில் வைக்கலை. சாரம் கட்டி உயரத்தில் ஏத்தி, முன்வரிசைக் குழந்தைகள் தலைக்கு மேல போற மாதிரி லேசா சாய்ச்சுக் கட்டியிருந்தான். காதில் ஆரஞ்சு கலர் அடைப்பான். விழாக் கமிட்டிப் பெரியவர் ஒருத்தர் வந்து நின்னு கேட்டார்: "சத்தம் கம்மியா இருக்கே தம்பி, வாடகையில எவ்வளவு குறைச்சுக்குவ?"