கட்டியக்காரன் நுழையாத இடம்

ஆம்பூரில் அக்கா மகள் பழைய கம்ப்யூட்டரில் ‘தி சிம்ஸ்’ ஆடிக்கொண்டிருப்பாள். வில் ரைட் உருவாக்கி 2000இல் வெளியான விளையாட்டு. வெற்றி தோல்வி கிடையாது. வீடு கட்டி, ஆட்களைக் குடிவைத்து, அவர்களைத் தின்ன, தூங்க, குளிக்க, பழக வைக்க வேண்டும். நம் பிள்ளைகள் சொப்பு வைத்து ஆடும் அதே ‘வாழ்க்கை’தான்.

அதில் ‘சுயவிருப்பம்’ என்றொரு ஏற்பாடு உண்டு. அதை அணைத்தால் ஆட்கள் நாம் ஏவியதை மட்டும் செய்வார்கள். கதை முழுக்க ஆடுபவரின் பிரதி, பாத்திரங்கள் வெறும் பொம்மைகள். அதைப் போட்டுவிட்டு நாம் ஒதுங்கிக்கொண்டால் தின்பதும் தூங்குவதுமாகவே நாள் கழியும். கதையென்று ஒன்றும் திரளாது. இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில்தான் கதை பிறக்கிறது. அக்கா மகள் கல்யாணத்துக்குத் திட்டம் போட்டாள். சமையல் பழகாத மாப்பிள்ளை தானாகவே அடுப்பங்கரைக்குப் போய்த் தீயைப் பற்றவைத்துவிட்டான். அதற்குப் பிறகு அவள் சொன்ன கதைதான் கேட்கும்படி இருந்தது. ரைட்டின் சொந்த வீடே 1991இல் ஓக்லண்ட் தீயில் எரிந்துபோனது. இழந்ததை ஒவ்வொரு சாமானாகத் திரும்பச் சேர்த்த அனுபவம் இந்த விளையாட்டுக்கு ஒரு விதை.

பழைய வட ஆர்க்காட்டுக்காரர்களுக்கு இது புதிதல்ல. பாரதக்கூத்தில் முடிவு எல்லோருக்கும் தெரியும்: படுகளத்தன்று துரியோதனன் விழுந்தே தீருவான். ஆனால் இரவெல்லாம் கட்டியக்காரன் கதைக்கு உள்ளேயும் வெளியேயுமாக நிற்கிறான். ராஜாவையே ‘நீ யாருய்யா?’ என்கிறான், உள்ளூர் வம்பை இழுக்கிறான். முடிவு உறுதியாக இருப்பதாலேயே அவனுக்கு அந்தச் சுதந்திரம். ஆகவே சமநிலை என்பது பாதிக்குப் பாதி அல்ல. பாத்திரத்துக்கு ஓர் ஆசை, கதைக்கு ஒரு திசை: இவற்றைப் பந்தக்கால் மாதிரி ஆழமாக நட்டுவிட்டு, போகும் வழியைத் திறந்து வைப்பது.

எனக்கு உறுத்துவது வேறு. விளையாட்டில் காலையில் வாசலில் வண்டி வந்து நிற்கும். ஆள் ஏறிப்போய்ச் சம்பளத்தோடு திரும்புவான். ‘உள்ள இன்னா வேலை செய்றாங்க?’ என்றேன். ‘அதெல்லாம் காட்டாது மாமா. ரெண்டு நாள் சேர்ந்தாப்பல போகலேன்னா வேலை பூடும், அவ்ளோதான்.’ அந்நேரம் அவள் அம்மாவும் ஷூ கம்பெனி பஸ் ஏறிப் போயிருந்தாள்.

வீட்டுக்குள் தற்செயலை அனுமதிக்கும் கதையாடல், வேலையிடத்தைத் திரைக்கு வெளியே தள்ளிவிடுகிறது. அங்கே திட்டத்தை மீறுவது கதையாவதில்லை, ஒழுங்கீனமாகிறது. 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் செத்துப்போனார்கள். அதைத் தற்செயலின் கணக்கில் எழுதிவிடுவது சுலபம். ஆனால் தொட்டி எங்கே நிற்பது, ஆட்கள் எங்கே படுப்பது என்பதெல்லாம் முன்பே தீர்மானிக்கப்பட்டவை. திட்டமிட்டது யார், மீற முடிந்தது யாரால் என்று கேட்காமல் சமநிலையைப் பற்றிப் பேசுவது வெறும் உத்தி குறித்த பேச்சாகவே முடியும்.

எழுதும் நமக்கும் இது பொருந்தும். நம் கதைகளிலும் கட்டியக்காரன் கம்பெனி கேட் வரைதான் வருகிறான்.

அடுத்த தடவை வண்டி கிளம்பியதும் ஆட்டத்தை நிறுத்திவை என்று அக்கா மகளிடம் சொல்லியிருக்கிறேன். உள்ளே நடந்ததை அம்மாவிடம் கேட்டு அவள்தான் சொல்ல வேண்டும்.