வந்த விருந்தாளிக்கு வரியா?
கோவில்கள் கதவைச் சாத்திய கியோட்டோ நகரம் கற்ற பாடம்

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்பார்கள். ஆனால், ஆண்டு முழுவதும் விருந்தாளிகள் வந்துகொண்டே இருந்தால் வீட்டுக்காரர் என்ன செய்வார்? செலவுக்குக் கொஞ்சம் பணம் கொடுங்கள் என்று அவர்களிடமே கேட்கலாமா? கேட்டால் அது மரியாதையா?

இந்தத் தர்மசங்கடம் ஒரு நகரத்துக்கே வந்தது. அதுதான் ஜப்பான் நாட்டில் உள்ள கியோட்டோ.

கோவில் நகரம்

கியோட்டோ பழைய தலைநகரம். கி.பி. 794-ம் ஆண்டு முதல் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஜப்பானியச் சக்கரவர்த்திகள் அங்கே வாழ்ந்தார்கள். எங்கு திரும்பினாலும் புத்தர் கோவில்கள். தங்க ரேக்கு ஒட்டிய "கின்காகு" கோவில் குளத்து நீரில் ஜொலிப்பதைக் காண உலகமே திரண்டு வருகிறது.

ஊரின் ஜனத்தொகை சுமார் 14 லட்சம். பார்க்க வருகிறவர்களோ ஆண்டுக்குப் பல கோடிப் பேர்!

கூட்டம் வந்தால் வியாபாரம் நடக்கும். உண்மைதான். ஆனால் குப்பையும் சேரும். பஸ்ஸில் இடம் கிடைக்காது. ஆஸ்பத்திரிக்குப் போகும் முதியவர், பெரிய பெரிய பெட்டிகளோடு ஏறும் பயணிகளுக்கு நடுவே நசுங்க வேண்டியதுதான்.

தெருவைக் கூட்டவும், பஸ் விடவும், கழிப்பிடம் கட்டவும் யார் பணம் கொடுப்பது? ஊர்க்காரர்கள் கட்டும் வரிப் பணம்தான். கோவில்கள் வழிபாட்டுக்கு வைத்திருக்கும் நிலத்துக்கு ஜப்பானில் சொத்து வரி கிடையாது. ஆகவே, கோவில்கள் நிறைந்த ஊரில் நகரசபையின் பெட்டி சீக்கிரம் நிரம்புவதில்லை.

கதவு மூடியது

"பார்க்க வருகிறவர்களும் கொஞ்சம் கொடுக்கட்டும்" என்று நகரசபை நினைத்தது. பெயர் பெற்ற கோவில்களுக்குள் நுழையும் பெரியவர்களுக்குத் தலைக்கு 50 யென் வரி. கோவிலே வசூலித்துக் கட்ட வேண்டும். இதுதான் திட்டம்.

கோவில் குருமார்கள் கொதித்தார்கள். கோவிலுக்கு வருவது வேடிக்கை பார்க்க அல்ல, வழிபட. அதற்கு வரி போடலாமா என்று கேட்டார்கள். வழக்கும் போட்டார்கள். 1984-ல் கியோட்டோ கோர்ட்டு அந்த வழக்கைத் தள்ளிவிட்டது.

1985 ஜூலையில் வரி அமலுக்கு வந்தது. பெரிய பெரிய கோவில்கள் வாசல் கதவைச் சாத்திவிட்டன! தங்கக் கோவிலும் அவற்றில் ஒன்று. தூர தேசத்திலிருந்து வந்தவர்கள் மூடிய கதவைப் பார்த்துத் திரும்பினார்கள். வாசலில் கடை வைத்திருந்தவர்களுக்கு வியாபாரம் படுத்தது.

சண்டை நீடித்தது. கோர்ட்டில் ஜெயித்த நகரசபை, ஊருக்குள் தோற்றது. 1988 மார்ச்சோடு அந்த வரி ஒழிந்தது.

படுக்கைக்கு வரி

முப்பது ஆண்டுகள் கழிந்தன. கூட்டம் பெருகியது. நகரசபை மறுபடியும் வரி போட்டது. ஆனால் இந்தத் தடவை கோவில் வாசலில் அல்ல, ஓட்டல் வாசலில்!

2018 அக்டோபர் 1-ந் தேதி தங்கும் வரி வந்தது. ஓட்டலிலோ விடுதியிலோ இரவு தங்கும் ஒவ்வொருவரும் கொடுக்க வேண்டும். விடுதிக்காரர் வாடகையோடு வசூலித்து நகரசபைக்குக் கட்டுவார். பள்ளிக்கூடச் சுற்றுலா வரும் பிள்ளைகளுக்கு வரி இல்லை.

ஆரம்பத்தில் ஒரு இரவுக்கு 200 யென் முதல் 1,000 யென் வரைதான். அது போதவில்லை. 2026 மார்ச் 1-ந் தேதி முதல் புதிய விகிதம் என்று முடிவாயிற்று. ஒருவருக்கு ஒரு இரவு வாடகையைப் பொறுத்து வரி இதுதான்:

6,000 யென்னுக்குக் கீழ்: 200 யென்.
6,000 முதல் 20,000-க்குள்: 400 யென்.
20,000 முதல் 50,000-க்குள்: 1,000 யென்.
50,000 முதல் 1 லட்சத்துக்குள்: 4,000 யென்.
1 லட்சமும் அதற்கு மேலும்: 10,000 யென்.

ஏழை மாணவன் கொடுப்பது போலப் பணக்காரரின் பங்கு 50 மடங்கு! "இருப்பவர் அதிகம் கொடுக்கட்டும்" என்ற நியாயம் இதில் இருக்கிறது.

குறை இல்லையா?

உண்டு. காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர் ஒரு காசும் கொடுப்பதில்லை. பஸ்ஸை நிரப்புவதில் அவருக்கும் பங்கு உண்டே! கணக்கு எழுதும் வேலை சின்ன விடுதிக்காரர் தலையில் விழுகிறது. வரியைப் பார்த்து ஆட்கள் பக்கத்து ஊரில் தங்கினால் அவருக்குத்தான் நஷ்டம்.

வரி மட்டும் கூட்டத்தைக் குறைத்துவிடாது. 10,000 யென் கொடுக்கக்கூடியவர் அதற்காகப் பயணத்தை நிறுத்தப் போவதில்லை. எனவே, வரிப் பணம் எங்கே போகிறது என்பதுதான் முக்கியம். கூடுதல் பஸ்ஸாக, சுத்தமான தெருவாக அது திரும்பி வர வேண்டும். அப்படி வந்தால் கொடுத்தவருக்கும் மனம் குளிரும். ஊர்க்காரருக்கும் விருந்தாளி மேல் கோபம் வராது.

சட்டம் இருந்தால் மட்டும் வரி நிலைக்காது என்பதை அன்று மூடிய கோவில் கதவுகள் காட்டின. வசூலிப்பவர் சம்மதிக்க வேண்டும். கொடுப்பவருக்கு நியாயம் தெரிய வேண்டும்.

பஸ்ஸில் நசுங்கினாரே அந்த முதியவர், அவருக்கு உட்கார இடம் கிடைக்கிறதா? புதிய வரி வென்றதா என்பதை அதைக் கொண்டுதான் சொல்ல வேண்டும்!