‘பிங்’ பண்றதுன்னா என்ன?

"ஃப்ரீ ஆனதும் பிங் பண்ணுங்க." ஆபீஸில் தினமும் காதில் விழும் வாக்கியம். ‘ஒரு மெசேஜ் போடு’ என்பதுதான் பொருள். ஆனால் பிங் என்பது பிறப்பால் ஓர் ஓசைச்சொல், நம்ம ‘ணங்’, ‘டங்’ மாதிரி.

1830களில் ஆங்கில அச்சில் தலைகாட்டியபோது, துப்பாக்கிக் குண்டு எதிலாவது சுரீரென்று பட்டுத் தெறிக்கும் சத்தத்தைக் குறித்தது. (ஆங்கிலத்தில் ‘குத்து’ என்ற பொருளில் அதைவிடப் பழைய ‘பிங்’ ஒன்று உண்டு. அது லத்தீனிலிருந்து வந்தது, இதோடு சம்பந்தமில்லை.) பிங்-பாங் ஆட்டத்தின் பெயரும் சத்தத்தில் பிறந்ததுதான். 1959-ல் கார்ஸ்டன் சோல்ஹைம் உருவாக்கிய கோல்ஃப் மட்டை பந்தில் பட்டதும் இப்படி ஒலித்ததால், ‘பிங்’ என்பதே அதன் பிராண்டாகிவிட்டது.

பொருள் மாறியது கடலுக்குள். இரண்டாம் உலகப்போரில் நீர்மூழ்கிகளைத் தேடிய கப்பல்கள் சோனார் கருவியால் ஒலித்துடிப்பை அனுப்பி, எதிரொலிக்காகக் காத்திருந்தன. அந்தத் துடிப்பும் ‘பிங்’ ஆனது. கடல்நீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். போய்த் திரும்ப 2 வினாடி ஆனால், எதிரி 1500 மீட்டர் தூரத்தில் இருக்கிறான். சத்தத்தின் பெயர் இப்படித் தேடலின் பெயராகிவிட்டது.

1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்த மைக் மூஸ், நெட்வொர்க் கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன நிரல் எழுதினார. ஒரு கம்ப்யூட்டருக்குப் பாக்கெட் அனுப்பும். பதில் வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்க்கும். கல்லூரியில் சோனார் பற்றிப் படித்தவர், பிங் என்றே பெயர் வைத்தார். நம்ம ஊர் வினா-விடைப் புத்தகங்களில் ‘பாக்கெட் இன்டர்நெட் குரோப்பர்’ என்பதன் சுருக்கம் என்று போட்டிருப்பார்கள். அது பிறகு ஒட்டவைத்த விரிவாக்கம். சோனாரை வைத்துத்தான் பெயரிட்டேன் என்று மூஸே எழுதியிருக்கிறார்.

அங்கிருந்துதான் ஆபீஸ் பேச்சுக்கு வந்தது. அதனால்தான் ‘பிங் பண்ணு’ என்பதில் ‘பதில் வரும்’ என்ற எதிர்பார்ப்பும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒரு விஷயம்: நீர்மூழ்கிகள் பெரும்பாலும் தாங்களாக பிங் விடுவதில்லை, சும்மா கேட்டுக்கொண்டே இருக்கும். பிங் விட்டால் எதிரி எங்கே என்று தெரியும். நாம் எங்கே என்று எதிரிக்கும் தெரிந்துவிடுமே!